முடிக்காமல் விட்ட முயல்

மூன்றாவது துணியும் ஈரமாகத்தான் வந்தது.

காற்றுத் துப்பாக்கியின் குழலைத் துடைப்பதில் கேதீஸ்வரனைக் குறை சொல்ல ஒருவராலும் முடியாது. புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கிற டூங்கபியில் மற்ற ஆம்பிளைகள் ஞாயிற்றுக்கிழமை காரைக் கழுவி மினுக்கிக்கொண்டிருக்க, இந்த மனிதன் கராஜ் கதவைச் சாத்திக்கொண்டு, நைலோன் கயிற்றில் துணித் துண்டைக் கோத்து, குழலின் பின்பக்கத்தால் விட்டு வாய்ப்பக்கத்தால் மெல்ல இழுத்துக்கொண்டிருப்பான். முதல் துணி ஈயக் கரியோடு கறுப்பாக வரும். அடுத்தது சாம்பலாக வரும். மூன்றாவது வெள்ளையாக வந்தால்தான் அவனுக்குச் சோறு இறங்கும். இன்றைக்கு அது பழுப்புச் சிவப்பாக, இறைச்சிக் கடைக் குப்பைவாளியின் வாடையோடு வந்தது. அதில் சாம்பல் நிற மயிர் ஒன்று ஒட்டியிருந்தது.

காற்று தள்ளக் குண்டு வெளியே போகும், அவ்வளவுதான். தூரத்தில் நிற்கிற முயலின் மயிர் குழலுக்குள் வர ஒரு வழியும் கிடையாது. கேதீஸ்வரன் அந்த மயிரை விரலால் தட்டிவிட்டு, எண்ணெய் போத்தலில் ஏதும் ஊத்தை விழுந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொன்னானே தவிர, நம்பவில்லை. துப்பாக்கியை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டும்போது அவனுக்கு நேற்றைய கத்தல் ஞாபகம் வந்தது.

முயல் கத்தாது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். காயம்பட்ட முயல் கத்தும். சின்னப் பிள்ளை கத்துவது போலவே கத்தும்.

நேற்று கோல்பர்ன் ஊருக்கு அப்பால், வழக்கமாகத் தன்னை வேட்டையாட விடுகிற வெள்ளைக்காரரின் பண்ணையில், பொழுது படுகிற நேரத்தில் அவன் அந்தக் கத்தலைக் கேட்டான். கூட வந்த பிரதீப்குமார் திருநெல்வேலிப் பெடியன், கம்ப்யூட்டர் வேலை, துப்பாக்கி பிடிக்கக் கேதீஸ்வரனிடம்தான் பழகினான். அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற எடுப்பில், அந்தத் துப்பாக்கிக்கு எட்டாத தூரத்தில் நின்ற முயலுக்குக் கேதீஸ்வரன் சுட்டான். தலையில் பட வேண்டிய குண்டு பின்னங்காலில் பட்டது. முயல் கத்திக்கொண்டே காலை இழுத்து இழுத்து வளைக்குள் போய் மறைந்தது. வளைக்குள்ளிருந்தும் அந்தக் கத்தல் கேட்டது.

"அண்ணே, வளைகிட்ட வெயிட் பண்ணுவோம்ணே. அடிச்சா முடிச்சுட்டுத்தான் கிளம்பணும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

"அது இனி வெளியில வராது தம்பி. இருட்டுது. ரெண்டரை மணித்தியாலம் ஓட வேணும். விடும்."

பிரதீப்குமார் காரில் ஏறும்வரை அந்த வளையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வந்தான்.

ஞாயிறு பின்னேரம் அந்தக் காலை இழுக்கிற சத்தம் வீட்டுக்கே வந்தது. கேதீஸ்வரன் குடும்பம் இருந்தது பழைய வாடகை வீடு. செங்கல் தூண்களில் தூக்கி நிறுத்தி, அடியில் ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு வெற்றிடம் விட்டுக் கட்டியது. வீட்டுச் சொந்தக்காரன் கார்ப்பெட்டைக் கிழித்தெறிந்துவிட்டுத் தரைப் பலகைக்கு மினுக்கம் பூசியிருந்தான். பலகைகளுக்கு நடுவே விரல்நுனி நுழைகிற இடைவெளி ஆங்காங்கே உண்டு, குளிர்காலத்தில் அதனூடாகக் காற்று மேலே வந்து காலைக் கடிக்கும். அன்றைக்கு அந்த இடைவெளியால் ஈர மண் வாடையும், மூடிவைத்துக் கெட்ட இறைச்சியின் வாடையும் வந்தன. பிறகு மகளின் அறைக்குக் கீழே ஏதோ ஒன்று நகர்ந்தது. ஒரு தட்டு, பிறகு நீளமாக ஒரு இழுவை. தட்டு, இழுவை.

"பொசமா இருக்கும்," என்றாள் கௌசிகா, கறியைக் கிண்டியபடி. மனைவி சொன்னதை அவன் ஓம் என்று ஒப்புக்கொண்டான். இரவில் கூரையில் ஓடித்திரிகிற, பூனையளவுப் பிராணியான பொசம் இப்படிக் காலை இழுக்குமா என்று அவளிடம் கேட்க அவனுக்குத் துணிவு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை வேலையால் அவன் வந்தபோது மகள் நிவேதிகா தன் அறைத் தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைப் பலகையில் அழுத்தி வைத்திருந்தாள். ஏழு வயசுப் பிள்ளை, ஒரு நிமிஷம் ஓரிடத்தில் இருக்கமாட்டாள். அப்படியே அசையாமல் கிடந்தாள்.

"என்ன செய்யிறாய் குஞ்சு?"

"இட்ஸ் ஹர்ட், அப்பா. அதுக்குக் காயம்." அவள் கண் பலகை இடைவெளியை விட்டு விலகவில்லை. "உங்களை வரச் சொல்லுது."

அவன் பிள்ளையை வாரித் தூக்கினான். உடம்பு கணகணவென்று கொதித்தது. இறக்கிவிட்டபோது அவள் நடந்தாள், இடதுகால் வரவில்லை. அதைத் தரையில் இழுத்துக்கொண்டு, ஒரு நோவும் இல்லாத முகத்தோடு, தாய் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குப் போய்த் தண்ணீர் கேட்டாள்.

டொக்டர் காலைத் தட்டிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், எக்ஸ்-ரே எடுக்க அனுப்பினார். எலும்பில் ஒன்றும் இல்லை, நரம்பில் ஒன்றும் இல்லை, வளர்கிற வயசில் இப்படியும் வரும் என்று சொல்லிப் பனடோல் மாத்திரை எழுதினார். வெள்ளிக்கிழமை ஆனபோது பிள்ளை சோற்றைத் தொடவே இல்லை. கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கறுத்து, எப்போது பார்த்தாலும் அந்தத் தரையில் கிடந்தாள். கீழே இழுபட்டால் எழும்பி அவளும் நடப்பாள். கீழே நின்றால் அவளும் நிற்பாள். இதைக் கௌசிகா கவனிக்கவில்லை. கேதீஸ்வரன் கவனித்தான், கவனித்துக் கவனித்து நித்திரை கெட்டான். தான் அரைகுறையாய் விட்டது தன் பிள்ளையைத் தின்கிறது என்று அவனுக்கு உறுதியாகிவிட்டது. அதை முடித்துவிட்டால் பிள்ளையை விட்டுவிடும். வேட்டைக்காரன் நினைக்கிற மாதிரித்தான் நினைத்தான், பாவம்.

அவன் இரும்புப் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டுக் கௌசிகா கராஜுக்கு ஓடி வந்தாள்.

"என்னப்பா செய்யப் போறியள்? வீட்டு வளவுக்குள்ள சுட்டால் பொலிஸ் வரும். லைசென்ஸ் போகட்டும், விசா அலுவல் முடியிற நேரத்தில உங்களுக்கு என்ன விசரே?"

"பிள்ளை வேணுமோ விசா வேணுமோ?"

அவன் அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை.

"அவளைக் குசினியில உன்னோட வச்சிரு," என்றான் தணிந்த குரலில். "நான் வரும் வரைக்கும் கையை விடாத. சத்தியமாச் சொல்லு."

"ஓம்," என்றாள் கௌசிகா, அழுதுகொண்டு.

வெளியே ஐந்தரைக்கே இருண்டுவிட்டது. பக்கத்து வீட்டில் யாரோ வெங்காயம் வதக்கினார்கள். துப்பாக்கிக் குழலை மடித்து, உள்ளே இருக்கிற சுருள்வில்லை இறுக்கி, ஒரு குண்டை வைத்து மூடினான். உள்ளே தவழும்போது மடிக்க இடம் இருக்காது. ஆகவே கையில் உள்ளது ஒரே வெடி. வீட்டின் பக்கச் சுவரில் இருந்த சின்னப் பலகைக் கதவைக் கழற்றி, டோர்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தான்.

மண் குளிர்ந்தது. சிலந்தி வலை நெற்றியில் ஒட்டியது. தலைக்கு மேலே தன் வீடே வேறொரு வீடாகக் கேட்டது: குழாய்த் தண்ணீர் ஓடுகிற இரைச்சல், கோப்பை வைக்கிற சத்தம், கௌசிகாவின் செருப்பு. அந்த இறைச்சி வாடை முன்னால் எங்கிருந்தோ வந்தது. அவன் முழங்கையால் ஊன்றி ஊன்றி, செங்கல் தூண்களைச் சுற்றி, மகளின் அறைக்குக் கீழே போனான்.

தட்டு. இழுவை.

மூச்சைப் பிடித்தான். சத்தம் முன்னாலிருந்து வந்தது. மேலேயிருந்தும் வந்தது.

"நிவேதி! எங்கயடி ஓடுறாய்? கையை விடாதே!" கௌசிகாவின் குரல் குசினிப் பக்கமிருந்து.

மேலே இழுபட்டது. கீழே இழுபட்டது. இரண்டும் ஒன்றாக. அறைக்குள் வந்து நின்றது. கதவு அறைபட்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

டோர்ச் வெளிச்சம் தூணைத் தாண்டியது. அங்கே இருந்தது. முயல். சாம்பல் நிறம். இடது பின்னங்கால் அழுகிக் கறுத்து மண்ணில் நீண்டு கிடந்தது. அது ஓடவில்லை. காதை மடக்கிக்கொண்டு அவனையே பார்த்தது. காத்திருந்தது.

இந்த முறை பிழை விடமாட்டேன்.

கிட்டப் போனான். இன்னும் கிட்ட. துப்பாக்கியைத் தோளில் ஊன்றினான். டோர்ச்சைப் பல்லிலிருந்து எடுத்துக் குழலோடு சேர்த்துப் பிடித்தான். கண்ணுக்கும் காதுக்கும் நடுவில். பிரதீப்குமாருக்குச் சொல்லிக் கொடுத்த அதே இடம். நோகாது. உடனே முடியும்.

"மன்னிச்சுக்கொள்," என்றான்.

சுட்டான்.

முயல் சரிந்தது. காலொன்று துடித்தது. நின்றது.

அமைதி. அந்த வாடையும் போய்விட்டது. நம்பமுடியாமல் மூக்கை உறிஞ்சிப் பார்த்தான், வெறும் மண் வாடை. அவனுக்கு அழுகை வந்தது. கடவுளே, முடிந்தது, பிள்ளை தப்பிவிட்டாள் என்று அந்தக் குளிர்ந்த மண்ணில் நெற்றியை வைத்து விம்மினான். பிறகு செத்ததை எடுத்துப் புதைக்கக் கையை நீட்டினான்.

அங்கே ஒன்றும் இல்லை. தடவினான். மண். கல். தூணில் நசுங்கி ஒட்டிய ஈயக் குண்டு. அது மட்டும்.

மேலே கௌசிகா கதவைத் தட்டினாள்.

"நிவேதி. கதவைத் திற பிள்ளை."

பதில் இல்லை.

"நிவேதி. அப்பா வந்திடுவார். திறவம்மா."

காலடி இல்லை. இழுவை இல்லை.

புறங்கையில் ஏதோ சொட்டியது. சூடாக. இன்னொன்று.

கேதீஸ்வரன் மல்லாந்து திரும்பினான். டோர்ச்சை உயர்த்த அவனுக்கு மனம் வரவில்லை. கை தானாக உயர்ந்தது. முகத்துக்கு ஒரு சாண் மேலே தரைப் பலகை. இரண்டு பலகைகளுக்கு நடுவே இடைவெளி. அந்த இடைவெளியில், கண்ணுக்கும் காதுக்கும் நடுவிலிருந்து இரத்தம் சொட்டச் சொட்ட, கன்னத்தைத் தரையில் அழுத்தியபடி, அவனையே பார்த்துக்கொண்டிருந்தது அவன் மகளின் கண்.

இமைக்கவில்லை.