அகக்குரல் அலைவரிசை

"செய்தி அலைவரிசை வேண்டாம்ணே. செய்தி கேக்குறவன் கோவத்துல இருப்பான், மாவு வாங்க மாட்டான்," என்றான் விளம்பர முகவன் ஜெயசீலன். "பக்தில விட்டா பாதிப் பேர் விரதம். பழைய பாட்டு கேக்குறவங்க வீட்லயே ஆட்டிக்குவாங்க."

திண்டுக்கல்லில் இட்லி மாவுக் கடை வைத்திருந்த சௌந்தரபாண்டிக்குத் தலை சுற்றியது. எல்லோர் காதிலும் அரிசியளவு செவிவித்து என்னும் கருவியைப் பதித்த பிறகு, ஊருக்கு ஒரு வானொலி போய் ஆளுக்கு ஒரு வானொலி என்றாகிவிட்டது. எந்த வகை நிகழ்ச்சிக்கு நடுவில் தன் கடையைப் பற்றிச் சொல்வது என்று தெரியாமல்தான் இவனைக் கூப்பிட்டிருந்தார். எதிரிலேயே ஒரு பெரிய நிறுவனம் தானியங்கி மாவு நிலையம் திறந்திருந்தது. கடை போனால் அவருக்கும் மனைவி பஞ்சவர்ணத்துக்கும் வேறு போக்கிடம் இல்லை.

"அப்ப எதுலதான்யா போடுறது?"

"அகக்குரல்." ஜெயசீலன் குரலைத் தாழ்த்தினான். "கேக்குறவரோட சொந்தக் குரல்லயே பேசும். பாட்டு கிடையாது, அறிவிப்பு கிடையாது. இன்னைக்குத் தோசை சுட்டா என்னன்னு அவருக்கே தோணுற மாதிரி இருக்கும். ஓடுறதே தெரியாது. தெரியாததை எப்படிண்ணே அணைக்கிறது?"

சௌந்தரபாண்டி நல்ல மனிதர்தான். ஆனால் கழுத்தில் கத்தி இருக்கும்போது நல்ல மனிதர்கள் அதிகம் கேள்வி கேட்பதில்லை. சரி என்றார்.

மறுவாரமே கடையில் கூட்டம் அலைமோதியது. "என்னமோ காலையிலேருந்து உங்க மாவு ஞாபகமாவே இருக்கு" என்று வந்து நின்றார்கள். அவருக்குக் கொஞ்சம் கூசத்தான் செய்தது. அடுத்த பாத்திரத்துக்கு மாவு ஊற்றும்போது கூச்சம் போய்விட்டது. விளம்பரம் கொடுப்பவன் காது வேறு, கேட்பவன் காது வேறு என்று எல்லா வியாபாரிகளையும் போல அவரும் நம்பினார்.

ஐப்பசியில் ஒரு காலை, அரிசி களையும்போது, 'போதும், கடையை வித்துடலாம்' என்று தோன்றியது. அதற்குமுன் ஒருநாளும் தோன்றாத நினைப்பு. மத்தியானம், 'விக்கவே கூடாது, கடன் வாங்கியாவது பெருசாக்கணும்' என்று தோன்றியது. மறுநாளும் அப்படியே.

"ஏங்க, நேத்து விக்கிறேன்னீங்க, இப்ப கடன் வாங்கப் போறேங்கிறீங்க," என்றாள் பஞ்சவர்ணம், அழாத குறையாக. "இதுல எதுங்க நீங்க சொல்றது?"

அந்தக் கேள்வியில்தான் அவருக்கு அகக்குரல் ஞாபகம் வந்தது. நேராக ஜெயசீலனிடம் ஓடினார்.

அவன் கணினித் திரையைப் பார்த்து ஒளிவுமறைவில்லாமல் சொன்னான். "விக்கச் சொல்றது எதிர்க்கடைக்காரங்க போட்டதுண்ணே. கடன் வாங்கச் சொல்றது ஒரு வட்டிக் கம்பெனி. ரெண்டு பேரும் நம்ம அகக்குரலைத்தான் எடுத்திருக்காங்க."

"இந்தக் கருமத்தைக் காதுலேருந்து பிடுங்கிப் போடு!"

"வேர் விட்டிருச்சுண்ணே. எடுத்தா காதே போயிரும்."

சௌந்தரபாண்டி காதைத் தடவிப் பார்த்தார். "அப்ப நான் என்னய்யா நெனச்சேன்? என் கடையைப் பத்தி, நானா?"

ஜெயசீலன் திரையை மேலும் கீழும் தள்ளித் தேடினான். கேலியாக அல்ல, உண்மையான அக்கறையோடு.

"உங்க பேர்ல உங்க காதுக்கு விளம்பர நேரம் எதுவும் வாங்கலையேண்ணே," என்றான். "வேணும்னா கொஞ்சம் போட்டுரவா? என்ன நெனைக்கணும்னு மட்டும் சொல்லுங்க."

அவர் யோசித்துப் பார்த்தார். 'போடச் சொல்லு' என்று உள்ளிருந்து அவர் குரலே சொன்னது. அது யார் கொடுத்த விளம்பரம் என்று கேட்க அவருக்குத் தெம்பில்லை.