கயிற்றின் அந்த முனை

கயிறு நனைந்திருந்தது. அன்று அவர்களில் யாரும் ஆற்றில் கால் வைக்கவேயில்லை. ஆனால் அதையெல்லாம் யோசிக்க மெக்கானிக்குக்குப் பொறுமை ஏது? உச்சந்தலை வரை கொதித்துக்கொண்டிருந்தான்.

கொதிக்காமல் என்ன செய்வான்? பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே திரிந்த வக்கீல், ஆற்றோரமாகக் காட்டில் நடந்து ஒரு ராத்திரி தங்கிவிட்டு வரலாம் என்று இவனையும் இவன் தங்கையையும் கிளப்பிக்கொண்டு வந்து, மத்தியானம் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொல்கிறான்: "டேய், நானும் உன் தங்கச்சியும் ரிஜிஸ்டர் பண்ணிக்கிட்டோம். ஒரு மாசம் ஆச்சு."

தங்கச்சி குனிந்து எறும்பு பார்த்துக்கொண்டிருந்தாள். இவன் இடுப்பில் தூக்கி வளர்த்த பெண்! ஒரு மாதமாக இரண்டு பேரும் அவன் காதில் பூச்சுற்றியிருக்கிறார்கள்.

"காட்டுல வெச்சு சொன்னா கத்த மாட்டேன்னு நெனச்சியாடா?" என்று கத்தினான்.

இருட்டினால் மூவரும் ஒரே கயிற்றைப் பிடித்து நடப்பது வழக்கம். கடைசி ஆள் எப்போதும் மெக்கானிக். முன்னாலிருந்து இரண்டு தரம் இழுத்தால் 'இருக்கியா' என்று அர்த்தம்; பதிலுக்கு இரண்டு தரம் இழுத்தால் 'இருக்கேன்'. இன்று பொழுது சாய்ந்ததும் தங்கச்சி நீட்டிய முனையை அவன் தட்டிவிட்டான்.

"நீங்களே பிடிச்சுக்கிட்டுப் போங்க. நான் எதுக்கு நடுவுல?"

அவர்கள் போனார்கள். அவன் வேண்டுமென்றே பின்தங்கினான். ஆற்றிலிருந்து எழுந்த மூட்டம் மரங்களை ஒவ்வொன்றாக மறைக்க, அழுகிய இலையும் சேறும் கலந்த வாடை மூக்கில் ஏற, அவர்களுடைய பேச்சுச் சத்தம் தண்ணீர்ச் சத்தத்துக்குள் எப்போது கரைந்தது என்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை. அப்போதுதான் அந்த ஈரக் கயிறு கையில் தட்டுப்பட்டது.

தங்கச்சிதான் மனசு கேட்காமல் விட்டு வைத்திருக்கிறாள். கோபம் கொஞ்சம் இறங்கியது. அதைக் காட்டிக்கொள்ள மட்டும் மனமில்லை. வாயைத் திறக்காமல் இடுப்பில் கட்டிக்கொண்டான். பழுதான வண்டியை இழுக்கப் போடும் முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும்.

இரண்டு இழுப்பு. பதிலுக்கு இரண்டு இழுத்தான்.

வக்கீலை என்னென்ன கேட்பது என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே, கயிறு போன பக்கம் போனான். தரை இளகியது. கூழாங்கல். பிறகு சேறு. ஷூவுக்குள் தண்ணீர் புகுந்தது. குறுக்கு வழியாம், பெரிய வக்கீல்! முழங்கால் வரை தண்ணீர். இரண்டு இழுப்பு. இடுப்பு வரை.

"அண்ணா!"

குரல் பின்னாலிருந்து வந்தது. மேட்டில் தங்கச்சி விளக்கோடு நின்றாள். அவள் தோளில் அவர்களுடைய கயிறு, காய்ந்து, சுருட்டியபடி முழுசாகத் தொங்கியது.

"ஆத்துக்குள்ள என்ன பண்றே? இரு, நான் வர்றேன்."

விரல்கள் முடிச்சுக்குப் பாய்ந்தன. ஊறிப்போன முடிச்சு நகரவில்லை. கத்தி வக்கீலின் பையில். வராதே என்றால் கட்டாயம் வருவாள். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். அவள் கால் தண்ணீரைத் தொட்டது.

மத்தியானத்துக் கோபத்தை எல்லாம் கூட்டி அள்ளினான்.

"எனக்குத் தங்கச்சியே இல்லடி! உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன். போ, உன் புருஷன்கிட்டயே போ!"

விளக்கு அப்படியே நின்றது.

"சரி," என்றாள். குரல் உடைந்திருந்தது. "இனிமே உன்னைக் கூப்பிட மாட்டேன்."

விளக்கு திரும்பி மேடேறியது. கூப்பிட்டுவிடக் கூடாதே என்று அவன் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

இருட்டு.

இரண்டு இழுப்பு.

அவன் பதில் தரவில்லை. கயிறு தளர்ந்தது. விட்டுவிட்டது என்று மூச்சு விட்டான். இல்லை. கயிறு சுருண்டுகொண்டிருந்தது. தண்ணீருக்கடியில், நிதானமாக, அவனை நோக்கி. கண்ணெதிரே தண்ணீர் மெல்லப் பிளந்தது. முதலில் ஒரு முழங்கை எழுந்தது, கயிறு சுற்றிச் சுற்றித் தடித்துப்போய். அது இன்னும் ஒரு சுற்று சுற்றிக்கொண்டது.