கடலட்டைக்கு வசனம் இல்லை

இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம் அது. ஐந்தாம் வகுப்பு ‘கடலுக்கு அடியில்’ என்று ஒரு நாடகம் போட முடிவு செய்தது. அந்த வகுப்பில் ஒருவர்கூடக் கடலைப் பார்த்ததில்லை. ஆனாலும் சுறா வேஷத்துக்கு அடிபிடி. கஜேந்திரன் தன் பல்லைக் காட்டியே சுறாவாகிவிட்டான்.

“கடலட்டையா யார் நடிக்கிறீங்கள்?” என்று யோகராணி டீச்சர் கேட்டதும் ஒரு கைகூட உயரவில்லை.

டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். கடலட்டைகளைப் பார்த்து வளர்ந்தவர்.

“அதுக்குக் கண் இல்லை, மூளை இல்லை. மூச்சு விடுறதும் பின்பக்கத்தாலதான். ஆனால் கடலின்ர அடியைத் துப்புரவாக்கிறது அதுதான்” என்றார்.

பின்பக்கம் என்றதுமே வகுப்பு சிரிக்கத் தொடங்கிவிட்டது. மீதியைத் தனுஷிகா மட்டும்தான் கேட்டாள். டீச்சரின் முகம் வாடியதையும் அவள் பார்த்தாள்.

“நான் நடிக்கிறேன் டீச்சர். என்ன பேசணும்?”

“வசனம் இல்லைப் பிள்ளை. மெதுவா ஊர்ந்து போனால் காணும், வேற ஒண்டும் வேண்டாம்.”

வீட்டில் அம்மா கேட்டாள். “என்னா வேசம்?”

“வந்து பாருங்கம்மா.”

அம்மா, மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் லீவு கேட்டாள். அதோடு விட்டாளா? மகள் நாடகத்தில் நடிக்கிறாள் என்று கொழுந்து பறிக்கிற மலை முழுக்கச் சொல்லிவிட்டாள். தனுஷிகாவுக்கு ஒரே கவலை. பேசாமல் தரையில் ஊரும் மகளைப் பார்த்து அம்மா வெட்கப்படக் கூடாதே.

ஊர்வதுதான் வேலை என்றால் அதை ஒழுங்காகச் செய்வது என்று முடிவெடுத்தாள். தினமும் லயத்து வீட்டு வாசலில் ஊர்ந்து பழகினாள். முழங்கை தேய்ந்தது. இடைவேளையில் டீச்சரை விடாமல் பிடித்துக் கேள்வி கேட்டாள். கடலட்டை என்ன தின்னும்? தின்ற மண் எங்கே போகும்? டீச்சரும் சலிக்காமல் சொன்னார்.

நாடக நாள் வந்தது. மேடை கிடையாது. மண்டபத் தரைதான் கடல். சுறா உறுமிக்கொண்டு ஓடி வந்தது. மீன்கள் சிதறி ஓடின. மீன்களின் காகிதச் செதில்கள் தரை முழுக்கக் கொட்டிக் கிடந்தன.

பிறகு கடலட்டை வந்தது. கொழுந்து பறிக்கும்போது அம்மா இடுப்பில் சுற்றும் பழைய படங்குக்குள் துணி அடைத்து, கறுப்பாக, கொழுகொழுவென்று தனுஷிகா ஊர்ந்து வந்தாள்.

முன்வரிசை வாங்கில் வீரம்மா அத்தை இருந்தாள். மலையிலிருந்து நேராக வந்தவள். அட்டை கடித்தால் போடுவதற்குக் கொழுந்து பறிப்பவர்கள் இடுப்பில் உப்பு முடிந்து வைத்திருப்பார்கள். கறுப்பாக ஏதோ காலை நோக்கி ஊர்ந்து வந்ததும், வீரம்மாவின் கை யோசிக்கவே இல்லை. முடிச்சை அவிழ்த்து ஒரு பிடி உப்பைக் கடலட்டையின் தலையில் போட்டது.

மண்டபமே சிரித்தது. சுறா தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

தனுஷிகாவின் கண் எரிந்தது. எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. பின்னால் பார்த்தாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

ஓடக் கூடாது என்று நினைத்தாள். வசனம் இல்லாவிட்டால் என்ன?

“இன்னும் கொஞ்சம் போடுங்க அத்தை” என்றாள் சத்தமாக. “நான் கடல்ல இருக்கேன். எங்க வீடு பூரா உப்புத் தண்ணிதான்.”

சிரிப்பு நின்றது.

“நான் ரத்தம் குடிக்கிறவ இல்லீங்க. கடலுக்கு அடியில மண்ணத் திங்கிறேன். அதுல உள்ள அழுக்கு எனக்குச் சாப்பாடு. சுத்தமான மண்ண வெளிய விட்டுருவேன்.”

“எது வழியா?” என்று சுறா குறும்பாகக் கேட்டது.

“பின்பக்கமாத்தான். மூச்சும் அந்தப் பக்கந்தான். நான் வேலைக்கு வரலன்னா உங்க வீடு நாறிப் போயிரும், சுறாவே.”

இப்போது சுறாவைப் பார்த்துச் சிரித்தார்கள். தனுஷிகா அவசரப்படவில்லை. செதில்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் படங்குக்குள் போட்டபடி ஊர்ந்தாள். தரை சுத்தமாகும்வரை மண்டபம் காத்திருந்தது. யோகராணி டீச்சர்தான் முதலில் கை தட்டினார்.

“கோவிச்சுக்காத தாயி, கை பழகிப் போச்சு” என்றாள் வீரம்மா.

பின்வரிசை வாங்கில் யாரோ கேட்டார்கள். “யாரு வீட்டுப் புள்ள அது? மொகமே தெரியலயே.”

அம்மா எழுந்து நின்றாள்.

“எம் மக” என்றாள். “அந்தக் கடலட்டை எம் மகதான்.”