பல்லால் உரித்த வயர்

மத்தியான நேரம், பியூட்டி பார்லரில் கூட்டமில்லை. சுவரெல்லாம் கண்ணாடி, எங்கும் ஷாம்பு வாசனை. நடுவே காசு போட்டால் பாட்டுப் பாடும் ஆளுயர ஜூக்பாக்ஸ் ஒன்று, ரோஸ் பெயிண்ட் அடித்து நின்றது. அதன் பக்கத்தில் போனால் மட்டும் வாசனை மாறியது. செத்த எலியை வெல்லப்பாகில் ஊறப்போட்ட மாதிரி ஒரு இனிப்பு நாற்றம்.

"தொட்டா சுர்ருனு இழுக்குதுங்க" என்றாள் பார்லர்காரி. "எம் பொண்ணு ஸ்கூல் விட்டு வந்தா இதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுதான் ஆடுவா. அவ வர்றதுக்குள்ள வயரை மாத்திக் குடுத்துருங்க."

பிளக்கைப் பிடுங்கினேன். அதை வயரிலிருந்து வெட்டியெடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பிளக் என்னிடம் இருந்தால் வேறு யாரும் அவசரப்பட்டுச் சொருக முடியாது. என் மச்சான் செத்ததிலிருந்து பத்தொன்பது வருஷமாக இதுதான் என் வழக்கம்.

மச்சான் என் மனைவியின் அண்ணன், எலெக்ட்ரிக் தொழிலில் என் கூட்டாளி. வயரைப் பல்லால்தான் உரிப்பான். முன்பல் பாதி உடைந்தும் விடவில்லை. கடித்த ரப்பரைத் தூ தூ என்று துப்புவான். எச்சில் ஒழுகும் அந்த வயரைத் துணியால் துடைத்துத்தான் மாட்டுவேன். ஒருநாள் வயர் அவன் வாயில் இருக்கும்போதே மறுமுனையிலிருந்த பிளக்கை நான் சொருகிவிட்டேன். அவசரம், திரும்பிப் பார்க்கவில்லை. அவனே சொருகிக்கொண்டான் என்று ஊரையே நம்ப வைத்தேன், என் மனைவியையும் சேர்த்து. "கவனங்கெட்ட மனுஷன்" என்று இன்றுவரை அவள் அண்ணனைத்தான் திட்டுகிறாள்.

பெட்டியின் பின்பலகையைக் கழற்றினேன்.

பழைய வயரின் ரப்பர் இளகிக் கூழாகியிருந்தது. கரப்பான் கால்கள் அதில் ஒட்டிக் கிடந்தன. இழுத்தால் தோல் உரிவதுபோல் கையோடு வந்தது. முனையைத் துடைத்தேன். உள்வயர் இரண்டிலும் வரிசையாகப் பல்தடங்கள்.

நடுவில் ஒரு பல் பாதிதான் பதிந்திருந்தது.

அன்று மச்சான் வாயில் வயரோடு செத்தது இந்தப் பெட்டி வேலையில்தான்; ரோஸ் பெயிண்டில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. மச்சான் செத்த மறுநாள் நானே போய் அந்த வயரை, ஷாக்கைத் தடுக்கும் எர்த் கம்பி இல்லாமல் மாட்டி முடித்தேன். இப்போது இது அடிக்கும் ஷாக்கும் என் கைவேலைதான்.

புதிய மூன்று கம்பி வயரைத் தரையில் வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கக் குழாயில் கை கழுவினேன். நாலு தடவை சோப்புப் போட்டும் பிசுக்கு போகவில்லை. திரும்பி வந்தால் வயர் முனை உரிந்து கிடந்தது. பச்சை எர்த் வயரில் ஒரு துண்டைக் காணோம். எச்சில் நூலாக வழிந்தது, வெதுவெதுப்பாக.

"யாருங்க இதைக் கடிச்சது?"

பார்லர்காரி முகத்தைச் சுளித்தாள். "ச்சீ, நீங்கதானே? குனிஞ்சு உக்காந்து கடிச்சதைக் கண்ணாடியில பாத்தேனே. கடையில துப்பிப்புடாதீங்க."

வயர் முனையைக் காலால் ஓரமாகத் தள்ளினேன்.

"முன்னாடி இதை யாரு மாட்டுனது? இப்படி நாறுது" என்றாள்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். "யாரோ கவனங்கெட்ட ஆளுங்க" என்றேன்.

பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம்.

தூ.

ஓடிவிடத்தான் நினைத்தேன். அந்தப் பிள்ளைக்காக இருந்தேன். எச்சில் பட்ட முனையை வெட்டி எறிந்தேன். கருவியால் புதிதாக உரித்தேன். எர்த்தைப் பெட்டியின் இரும்பில் முறுக்கி, இழுத்தாலும் வராதபடி வயரைக் கிளாம்பில் இறுக்கினேன். மீட்டர் வைத்து இரண்டு தடவை பார்த்த பிறகுதான் புதுப் பிளக்கைச் சொருகினேன். பள்ளியிலிருந்து வந்த பிள்ளை பெட்டியைக் கட்டிக்கொண்டு சிரித்தது. ஷாக் இல்லை. நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

சாப்பாட்டின் முதல் கவளத்திலேயே அந்த இனிப்பு நாற்றம் வாயெல்லாம் பரவியது. வாஷ்பேசினுக்கு ஓடித் துப்பினேன். கோழையோடு பச்சையாக ஏதோ விழுந்தது.

எர்த் வயரின் துண்டு.

நாக்கால் முன்பல்லைத் தடவினேன். பாதிதான் இருந்தது. வலியே இல்லை.

"என்னங்க ஆச்சு? வாயைக் காட்டுங்க." மனைவி என் தாடையைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பினாள். பல்லைப் பார்த்தாள். அவள் கை மெல்லக் கீழே இறங்கியது.

"அண்ணா?" என்றாள்.

பதில் சொல்ல என் வாய் தானாகத் திறந்தது.