பிணத்துக்கு பிரஷர் நார்மல்

செத்தவருக்கு பிரஷர் நார்மலாக இருந்தது.

120/80.

லூடி கண்ணைத் தேய்த்துக்கொண்டு திரும்பப் பார்த்தாள். திரையில் எதுவும் மாறவில்லை.

எபிஃபானியோ காலெகோ. வயது 71. லா பாஸ், இலோயிலோ நகரம். ரத்தப் புற்றுநோய். 'வீட்டிலிருந்தே சிகிச்சை' பிரிவு.

கடைசியாக பிரஷர் பார்த்த நேரம்... நேற்று மதியம் 2.10.

எபிஃபானியோவை அடக்கம் செய்து மூன்று நாள் ஆகிறது.

லூடிக்கு இது யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அவருடைய சவப்பெட்டிக்கு நாலடி தள்ளி உட்கார்ந்து ஒன்பது நாள் சீட்டாடியவள் அவள். அடக்கம் வரை பெட்டியை வீட்டில் வைத்து, வந்தவர்கள் சீட்டாடிக் காவலிருப்பது இந்த ஊர் வழக்கம். தலைக்கு மேலே ஆளுயர மலர்வளையம் ஒன்று இதழ் இதழாக உதிர்ந்துகொண்டிருந்தது. அதன் ரிப்பன் அவள் மூக்கை உரசிக்கொண்டே இருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் படித்ததில்லை. சீட்டாடுகிறவள் சீட்டைத்தான் பார்ப்பாள்.

முதுகில் ஏதோ ஊர்ந்தது...

எறும்பு.

தட்டிவிட்டாள். பயம் மட்டும் போகவில்லை.

துக்க வீட்டிலிருந்து நேராக வீட்டுக்கு வரக்கூடாது. வழியில் வேறு எங்காவது நின்றுவிட்டு வரவேண்டும். இல்லாவிட்டால் செத்தவர் கூடவே வந்துவிடுவார். அதனால் ஊரே ஒரு கிண்ணம் பாட்சோய் நூடுல்ஸ் சூப் குடித்துவிட்டுத்தான் வீடு திரும்பும். லூடிக்கு மட்டும் தினமும் மூன்று மணிக்கு ஆபீஸ் மீட்டிங். ஒன்பது நாளும் நேராக ஓடி வந்திருந்தாள்.

ஆக, எபிஃபானியோ கூடவே வந்துவிட்டார். வந்தவர் மோட்டுவளையில் தொங்காமல் எக்ஸெல்லில் உட்கார்ந்துவிட்டார்.

லுதிவீனா பல்மாரெஸ், சுருக்கமாக லூடி, வயது இருபத்தொன்பது. நகரத்தின் பெரிய தனியார் மருத்துவமனை ஒன்றுக்கு டேட்டா அனலிஸ்ட். எத்தனை நோயாளிகள் வந்தார்கள், எத்தனை பேர் போனார்கள், எந்த மருந்து எவ்வளவு செலவானது என்று மாதாமாதம் கணக்கிட்டு அனுப்புவது அவள் வேலை. அந்த மருத்துவமனைக்குள் அவள் கால் வைத்தது ஒரே ஒருமுறை. மற்றபடி எல்லாமே படுக்கையறை மேஜையிலிருந்துதான். மேலே ஆபீஸ் சட்டை. கீழே அரை டிரவுசர்.

பட்டியலைக் கீழே இழுத்தாள்.

உயிரோடிருந்தபோது எபிஃபானியோவின் பிரஷர் ஒருநாள் 160, மறுநாள் 90 என்று குதித்துக்கொண்டிருந்தது. செத்த நாளிலிருந்து பன்னிரண்டு பதிவுகள். பன்னிரண்டும் 120/80.

செத்த பிறகுதான் மனுஷனுக்கு உடம்பு தேறியிருந்தது.

ஒவ்வொரு பதிவுக்குப் பக்கத்திலும் இன்னொரு வரி. 'ஊசி மருந்து, ஒரு குப்பி. வழங்கப்பட்டது.'

அந்தக் குப்பியின் விலைக்கு ஒரு மோட்டார்சைக்கிள் வாங்கலாம்.

லூடியின் பயம் மெல்ல வடிந்தது. வேறு யாருக்கெல்லாம் தினமும் 120/80 என்று தேடினாள்.

இன்னும் ஆறு பேர் வந்து விழுந்தார்கள். அதில் இரண்டு பேர் வீட்டிலும் அவள் சீட்டாடியிருந்தாள்.

ஆவி பின்னால் வரலாம். பிரஷர் கூடப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் மருந்து வாங்காது. அதற்கு ஆள் வேண்டும்.

மேலதிகாரியை வீடியோவில் கூப்பிட்டாள்.

கிரிசாந்தோ வெலார்டே, நோயாளிப் பதிவுப் பிரிவின் தலைவர். மருத்துவமனையின் மூன்றாவது மாடியில் இருப்பவர். திரையில் மட்டும் எப்போதும் கடற்கரையில் இருப்பார். முதுகுக்குப் பின்னால் போலி அலை அடிக்கும். தலையை ஆட்டினால் ஒரு காது கடலுக்குள் போய்விட்டு வரும்.

"சார், வீட்டு சிகிச்சை லிஸ்ட்ல ஏழு பேர்... செத்துப்போனவங்க மாதிரி தெரியுது."

"மாதிரின்னா?"

"டேட்டா ஒரு மாதிரியா இருக்கு சார். எல்லாருக்கும் ஒரே பிரஷர்."

"நல்லா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

"தினமும் குப்பி வேற போகுது சார்."

அலை இரண்டு முறை அடித்தது. பக்கத்து வீட்டுச் சேவல் கூவியது.

"அது யாரு?" என்றார் கிரிசாந்தோ.

"சேவல் சார்."

"அது தெரியுது. வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார்."

"சொல்லாத. எழுந்து எங்கயும் போகாத. அப்படியே உக்காந்திரு."

உட்கார்ந்திருந்தாள்.

நாற்பதாவது நிமிடம் வாசல் இரும்புக் கதவு தடதடத்தது...

போலீஸ்!

"லுதிவீனா பல்மாரெஸ் நீங்கதானா? நான் சார்ஜென்ட் நெமெசியோ. கம்ப்யூட்டர் குற்றப் பிரிவு." வழுக்கைத் தலை, வியர்வையில் நனைந்த சீருடை. "லேப்டாப்ப மூடாதீங்க. கைய கீபோர்டுல வைக்காதீங்க. அந்த ஃபேன மட்டும் கொஞ்சம் என் பக்கம் திருப்பிப் போடுங்க."

"அதை மட்டும் கேக்காதீங்க சார்."

"ஏன்?"

"திருப்ப முடியாது."

சார்ஜென்ட் சந்தேகமாகப் பார்த்தார். லூடியும் அவரைப் பார்த்தாள்.

"சார், உங்கள எங்கயோ பாத்திருக்கேன்."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. என் மூஞ்சி அப்படி. உக்காருங்க."

லேப்டாப்பில் கிரிசாந்தோ மறுபடி தோன்றினார். இந்த முறை முகத்தில் துயரம். பின்னால் அதே கடற்கரை.

"சார்ஜென்ட், என் மகள் மாதிரி நெனச்ச பொண்ணு. சொல்லவே நாக்கு கூசுது. அந்த ஏழு பேருக்கும் பொய்ப் பதிவு போட்டு மருந்தை வெளிய அனுப்பினது இவளோட ஐடிலேர்ந்துதான். தப்பான பதிவைத் திருத்த இவளுக்கு அனுமதி இருக்கு. திருத்துறதுக்குப் பதிலா இவளே போட்டிருக்கா."

லூடி திரைக்கு அருகே குனிந்தாள். "சார்... நான்தானே உங்களுக்குச் சொன்னேன்?"

"மாட்டிக்குவோம்னு தெரிஞ்சதும் முந்திக்கிட்ட."

சார்ஜென்ட் குறிப்பேட்டைப் பிரித்தார். "மருந்துத் திருட்டு, போலிப் பதிவு. ரெண்டும் சேந்தா பன்னெண்டு வருஷம் உள்ள போகணும் தங்கச்சி."

"நான் இல்ல சார். வேற யாரோ என் ஐடில நுழைஞ்சிருக்காங்க."

"உங்க பாஸ்வேர்ட் யாருக்குத் தெரியும்?"

"வேலைல சேந்தப்போ இவர்தான் குடுத்தார். மாத்தச் சொன்னாங்க. மாத்தல."

"என்ன பாஸ்வேர்ட்?"

"ஒண்ணு ரெண்டு மூணு நாலு."

சார்ஜென்ட் கொஞ்சம் அதிர்ந்தார். அவருடையதும் அதுதான்.

கிரிசாந்தோ தொண்டையைச் செருமினார். "பாஸ்வேர்ட் கதையெல்லாம் வேணாம். எல்லார் லேப்டாப்லயும் வேவு பாக்குற செயலி போட்டிருக்கோம். மவுஸ் அசைஞ்சா பச்சை. அசையலன்னா சிவப்பு. மூணாம் தேதிலேர்ந்து பதினொண்ணாம் தேதி வரைக்கும், மத்தியானம் ஒண்ணுலேர்ந்து மூணு வரைக்கும், ஒரு நொடி கூட இவ மவுஸ் நிக்கல. ரெண்டு பத்துக்குப் பதிவு விழறப்ப இவ நாற்காலிலதான் இருக்கா. இந்த மாச சிறந்த ஊழியர் விருதுக்கே இவ பேரத்தான் அனுப்பினேன்."

லூடி ஃபேனைப் பார்த்தாள்.

அந்த ஒன்பது நாளும் அந்த நேரத்தில் அவள் நாற்காலியில் இல்லை. அதை நிரூபித்தால் ஜெயில் இல்லை. நிரூபித்தால் வேலையும் இல்லை. மூன்று வருடம் இரவெல்லாம் கால் சென்டரில் திட்டு வாங்கி, கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய பகல் வேலை.

பன்னிரண்டு வருடமா... கால் சென்டரா...

ஒரு கணம் பன்னிரண்டு வருடமே தேவலாம் போலிருந்தது.

"சார்," என்றாள் கடைசியில். "ஃபேன் ஏன் திரும்பாதுன்னு கேட்டீங்கல்ல?"

எழுந்துபோய் ஃபேனைப் போட்டாள். அதன் கம்பியில் ஒரு ஷூ லேஸ் கட்டியிருந்தது. லேஸின் மறுமுனையை மவுஸில் மாட்டினாள்.

ஃபேன் இடப்பக்கம் திரும்பியது. மவுஸ் இடப்பக்கம் போனது.

ஃபேன் வலப்பக்கம் திரும்பியது. மவுஸும் போனது.

செயலியில் பச்சை விளக்கு எரிந்தது. 'லுதிவீனா பல்மாரெஸ் வேலையில் இருக்கிறார்.'

சார்ஜென்ட் மூன்று சுற்று வேடிக்கை பார்த்தார்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா சார்."

"கரண்ட் போனா?"

"அன்னிக்கி மட்டும் வேலை செய்வேன்."

கடற்கரையில் கிரிசாந்தோ கொதித்தார். "பாத்தீங்களா? கம்பெனியையே ஏமாத்துறவ!"

"ஏமாத்தினேன் சார். வேலைய விட்டு எடுத்துடுங்க. ஆனா மவுஸ்தான் நகர்ந்துது, ஒரு எழுத்து கூடத் தட்டல. அந்தச் செயலியே எழுத்தையும் எண்ணும். சார்ஜென்ட், அந்த ஒன்பது நாள்ல ரெண்டு மணிக்கு எத்தனை தட்டினேன்னு பாருங்க."

பார்த்தார். சைபர். ஒன்பது நாளும் சைபர்.

"தட்டாம எப்படி சார் பிரஷர் பதிவு போடறது? பதிவு வேற கம்ப்யூட்டர்லேர்ந்து வந்திருக்கு."

"வேற கம்ப்யூட்டர்லயும் இவளே உக்காந்திருக்கலாமே," என்றார் கிரிசாந்தோ. "எங்க போயிருந்த?"

"துக்க வீட்டுக்கு."

"ஒன்பது நாளுமா? அவ்வளவு நெருங்கின சொந்தமோ?"

"இல்ல. சீட்டு."

சார்ஜென்ட் ஏனோ இருமினார்.

"ஒவ்வொரு ஆட்டத்துலயும் ஒரு பங்கு செத்தவர் குடும்பத்துக்குப் போகுது சார். அது சூதாட்டம் இல்ல, ஆறுதல்."

"யார் வீடு அது?"

"எபிஃபானியோ காலெகோ வீடு."

சார்ஜென்ட் நிமிர்ந்தார். திரையைப் பார்த்தார். "மிஸ்டர் வெலார்டே, நீங்க குடுத்த லிஸ்ட்ல மொத பேரே அவர்தானே? அவர் செத்தது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"இப்பதான். இவ சொல்லித்தான் கேள்விப்படறேன்." கிரிசாந்தோ நெற்றியில் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். கை கொஞ்ச நேரம் கடலில் மறைந்தது. "பாவம். வீட்டுல இருக்கிற நோயாளி. செத்தா எனக்கு எப்படித் தெரியும்? அவர் யாரு, வீடு எங்கன்னு கூடத் தெரியாது."

"தங்கச்சி, நீங்க அங்க இருந்ததுக்கு அத்தாட்சி?"

லூடி போனைத் தேடி ஒரு படத்தை எடுத்தாள். ஐந்தாம் தேதி, மதியம் 2.12. ஒரு கையில் ஜெயித்த சீட்டுகள், மறு கையில் போன், வாயில் தர்பூசணி விதை. இளித்துக்கொண்டிருந்தாள். பின்னால் எபிஃபானியோவின் பெட்டி. பெட்டிக்கும் அவளுக்கும் நடுவே அந்த மலர்வளையம்.

சார்ஜென்ட் படத்தை விரலால் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். மூக்கை உரசிக்கொண்டிருந்த ரிப்பன் திரை முழுக்க விரிந்தது.

வாய்விட்டுப் படித்தார்.

"'காலெகோ குடும்பத்தாரின் கண்ணீரில் நானும் ஒரு துளி. என்றும் உங்கள்... கிரிசாந்தோ வெலார்டே. நகர மன்ற வேட்பாளர்.'"

சேவல் கூட வாயை மூடிக்கொண்டது.

"வர்ற தேர்தல்ல நிக்கறீங்களா சார்?" என்றாள் லூடி அமைதியாக. "சொல்லவே இல்லையே."

வளையம் அனுப்பாத வேட்பாளருக்கு இந்த ஊரில் ஒரு வீடும் ஓட்டுப் போடாது. யார் செத்தார் என்று அவருக்குத்தான் முதலில் தெரியும். செத்த சேதியை மருத்துவமனைப் பதிவிலிருந்து அழித்துவிட்டு, அந்த வீட்டுக்குத் தன் பேரைப் போட்டு வளையம் அனுப்பியிருந்தார். திருடனாக இருக்கத் தெரிந்தவருக்கு வேட்பாளராக இல்லாமல் இருக்கத் தெரியவில்லை.

"மத்த ஆறு வீட்டுக்கும் ஆள் அனுப்பி ரிப்பனைப் படிக்கச் சொல்லட்டுமா மிஸ்டர் வெலார்டே?"

கிரிசாந்தோ வாயைப் பாதி திறந்தபடி அப்படியே இருந்தார். கண் இமைக்கவில்லை.

"நெட் போயிருச்சு போல," என்றார் சார்ஜென்ட்.

"இல்ல சார். அலை அடிக்குது பாருங்க."

கடற்கரை மும்முரமாக இயங்கிக்கொண்டிருந்தது. மனிதர் மட்டும் சிலையாக இருந்தார். ஐந்து நொடி... பத்து நொடி... மூக்கு அரித்திருக்க வேண்டும். சொறிந்துகொண்டார்.

அடுத்த கணம் நாற்காலி காலி!

சார்ஜென்ட் வயர்லெஸ்ஸில் கத்தினார். "மருத்துவமனை மூணாவது மாடி! எல்லா வாசலையும் அடைங்க!"

லூடி செயலியில் ஊழியர் பட்டியலைத் திறந்தாள். கிரிசாந்தோவின் பெயருக்கு எதிரே விளக்கு பளிச்சென்று எரிந்தது. பச்சை. 'வேலையில் இருக்கிறார்.'

செயலி காட்டிய அவருடைய மவுஸ் புள்ளி இடப்பக்கம் போனது. வலப்பக்கம் வந்தது. இடப்பக்கம் போனது.

"சார்... இவரும் ஃபேன்தான்."

பதினைந்து நிமிடத்தில் வயர்லெஸ் கரகரத்தது. ஆள் கார் நிறுத்துமிடத்தில் மாட்டிக்கொண்டார். டிக்கியில் ஐஸ் பெட்டி. ஐஸுக்குள் ஏழு குப்பி. ஏழு பேருடைய இன்றைய ஊசி. அவருடைய மவுஸ் அப்போதும் வேலை செய்துகொண்டிருந்தது.

லூடி நாற்காலியில் சரிந்தாள். பன்னிரண்டு வருட ஜெயில் போய்விட்டது. வேலை... நாளைக்குத் தெரியும்.

சார்ஜென்ட் குறிப்பேட்டை மூடினார். வாசல் வரை போனார். நின்றார். திரும்பி வந்தார்.

"தங்கச்சி... அந்தப் படம். அதான் முக்கிய சாட்சி. எனக்கு அனுப்பிடுங்க."

"இப்பவே அனுப்பறேன் சார்."

"அனுப்பறப்ப... இடது ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிட்டு அனுப்புங்க."

லூடி இடது ஓரத்தைப் பார்த்தாள். பின் மேஜையில் ஒரு வழுக்கைத் தலை. வியர்வையில் நனைந்த சீருடை. கையில் விசிறி மாதிரி விரித்த சீட்டு. வேலை நாள், மதியம் 2.12.

"மன்னிச்சிருங்க சார். டேட்டாவைத் திருத்தக்கூடாது. அதுக்குத்தானே இப்ப ஒருத்தரப் புடிச்சீங்க?"

சார்ஜென்ட் நெமெசியோ குறிப்பேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"சரி. அப்ப எங்க டிபார்ட்மெண்ட் கேட்டா, அன்னிக்கு நான் ஜெயிச்சேன்னாவது சொல்லுங்க."

லூடி படத்தைப் பெரிதாக்கி அவர் கையிலிருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"டேட்டா அப்படிச் சொல்லலியே சார்."