கதவு திறந்தாச்சு

மத்தியானச் சாப்பாடு முடிந்து தாரிகா சிமுலேட்டர் அறையைத் திறந்தபோது, இடப்பக்க இருக்கையின் பெல்ட் நனைந்திருந்தது.

ஏசியிலிருந்து சொட்டியிருக்கும் என்று அண்ணாந்து பார்த்தாள். ஏசி எதிர்ச் சுவரில் இருந்தது. பிழிந்தால் ஓடும் அளவுக்கு ஈரம், விரலில் ஒட்டியது காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்தது, வெளிச்சம் வராமல் இழுத்து மூடிய கறுப்புத் திரைச்சீலைகளின் புழுதி மணத்துக்கு அடியில் பெற்றோலும் உப்பும் கலந்த ஒரு நாற்றம் தரையோடு தரையாக ஊர்ந்துகொண்டிருந்தது. கொக்குவிலில் கடல் இல்லை. ஜன்னலுக்கு வெளியே மதில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

கூட்டித் துடைக்க வரும் கத்தரீனாவைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

“நான் இந்த அறைக்குள்ளை மூண்டு மாசமா வாறேல்லை, மிஸ். உங்களுக்குத் தெரியும்தானே,” என்றாள் கத்தரீனா, வாசற்படியைத் தாண்டாமலே.

மூன்று மாதம். இங்கே அவளிடம் பழகிய கோகுலன் செத்து மூன்று மாதம்.

இந்த ஹோலில்தான் முன்பு பொன்னம்பலம் கணித ரியூசன் நடத்தினார். பிள்ளைகள் வாங்கில்களில் நெருக்கிக்கொண்டிருந்து சூத்திரங்களைக் கத்திக் கத்திப் பாடமாக்கிய இடம். பெயரெடுத்த வாத்தியார், அதை யாரும் மறுக்க முடியாது. பிறகு விமானம் ஓட்டப் பழகுகிறவர்களுக்கென்று சிமுலேட்டர் வாங்கிப் போட்டு, கொழும்பில் படித்துவிட்டு வந்த தாரிகாவைப் பயிற்றுநராக வைத்தார். இயந்திரம் வந்ததே தவிர வாத்தியார் மாறவில்லை. எஞ்சின் நின்றால் கடலில் இறக்குவதையும் அவர் வாய்ப்பாடாகத்தான் பார்த்தார். பெற்றோல் நிப்பாட்டியாச்சு, பெல்ட் இறுக்கியாச்சு, கதவு திறந்தாச்சு. ஆளுக்கு நூறு தடவை.

அதில் கதவுதான் உயிர். தண்ணீரில் மோதும்போது விமானத்தின் உடம்பு முறுகும், பூட்டிய கதவு அப்படியே இறுகிவிடும். அதனால் பறந்துகொண்டிருக்கும்போதே கைபிடியை இழுத்துத் திறந்துவைக்க வேண்டும். ஆனால் சிமுலேட்டரில் கதவு இல்லை. மூன்று திரைகளுக்கு முன்னால் இரண்டு இருக்கை, சுற்றி நாலு இரும்புச் சட்டம், பக்கங்களில் வெறும் காற்று. ஒரு கதவு பொருத்தித் தாருங்கள் என்று அவள் கேட்காமலில்லை. “பாடமாக்கினால் கை தானா வரும், பிள்ளை,” என்று முடித்துவிட்டார். அவளும் விட்டுவிட்டாள். வாயால் சொன்னால் போதும் என்று அவளே பழக்கினாள். தண்ணீர் தொட்டதும் தன் மேசையிலிருந்த சிவப்புப் பட்டனை அழுத்துவாள், திரையில் மறுபடி ஆகாயம் வரும், அடுத்த ஆள் ஏறுவான்.

கோகுலன் தனியாகப் பறந்த அன்று வடகடலின் மேல் எஞ்சின் நின்றது. அலை பார்த்து, மூக்கைத் தூக்கி, பாய் விரிப்பதுபோல இறக்கினான். விமானம் மூன்று நிமிடம் மிதந்தது. விமானத்து வானொலியில் அவன் கடைசியாகச் சொன்னது எல்லோருக்கும் கேட்டது: கதவு திறந்தாச்சு. சுழியோடிகள் தூக்கியபோது கதவு பூட்டியபடியே இருந்தது, கண்ணாடியின் உட்பக்கம் முழுக்க நகக் கீறல்.

முப்பத்தோராம் நாள் சடங்கில், நீர்வேலி வீட்டில், அவன் தாய் கமலாவதி இவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “கதவு திறக்க நீங்கள் பழக்கினீங்கள்தானே, பிள்ளை? அவன்தான் மறந்துபோனானோ?” தாரிகா ஓம் என்று தலையாட்டினாள். அந்த ஒரு சொல் அன்றிலிருந்து அவளைத் தின்றுகொண்டிருக்கிறது. தன்மேல் வந்த கோபம் போதாதென்று, பொன்னம்பலத்தின் செருப்புச் சத்தம் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தச் சத்தம் இப்போது வந்தது. கையில் தாள்.

“நாலு மணிக்கு விசாரணைக்கு வருகினம். உதிலை ஒரு கையெழுத்துப் போடு.”

வாசித்தாள். கதவு திறக்கும் பயிற்சி முழுமையாக அளிக்கப்பட்டது. பதற்றத்தில் மறந்தது மாணவரின் தவறு.

“இது பொய், சேர்.”

“செத்தவன் செத்திட்டான். உயிரோடை இருக்கிற நாங்கள் ஏன் அழியவேணும்? நீயும்தான் உள்ளுக்குப் போவாய், யோசி.”

“போறன். உள்ளுக்கே போறன். அவன்ரை அம்மாவிட்டைப் போய் உண்மையைச் சொல்லிப்போட்டுத்தான் போவன்.” தாளைத் திருப்பி அவர் கையில் திணித்தாள். “அவன் மறக்கேல்லை. நாங்கள் பழக்கினதைத்தான் செய்தவன். நம்பாட்டி நீங்கள் ஏறி இருங்கோ. ஒருக்கால் இறக்கிக் காட்டுங்கோ. உங்கடை கை தானா வருதோ பாப்பம்.”

பொன்னம்பலம் சிரித்தார். ரியூசனில் பிழையான விடை சொன்ன பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிற அதே சிரிப்பு. “காட்டினால் கையெழுத்துப் போடுவியோ?” என்றபடி ஏறி இருந்தார். “உதென்ன ஈரம்?” என்று முணுமுணுத்துவிட்டு பெல்ட்டைப் பூட்டினார்.

அவள் பின்னாலிருந்த மேசையில் அமர்ந்து ஹெட்போனை மாட்டி, திரையில் விமானத்தைப் பறக்கவிட்டு எஞ்சினை நிறுத்தினாள். இரைச்சல் அடங்கியது. திரைகளில் கடல் விரிந்தது, சாம்பல் நிறமாய், எப்போதும் வரும் நீலமாக இல்லாமல், மெதுவாகப் புரண்டு கிட்ட வந்தது; காற்று சட்டங்களுக்கிடையில் ஊளையிட்டது, அந்த ஊளையை இந்த இயந்திரத்தில் இதற்கு முன் அவள் கேட்டதில்லை.

“பெற்றோல் நிப்பாட்டியாச்சு,” என்றார். “பெல்ட் இறுக்கியாச்சு. கதவு திறந்தாச்சு.”

இரண்டு கையும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. ஒரு விரல்கூட அசையவில்லை.

அதே சொல் அவளுடைய ஹெட்போனில் இன்னொரு தடவை கேட்டது. இளம் குரல்.

தண்ணீர் தொட்டது. பட்டனை அழுத்த வேண்டும். தாரிகா அழுத்தவில்லை. கொஞ்சம் கிடக்கட்டும், கிடந்து பார்க்கட்டும் என்று அவளுடைய கோபம் சொன்னது, அவள் கேட்டாள். ஒன்று. இரண்டு. மூன்று.

திரையில் கடல் ஏறியது. கண்ணாடியின் பாதி. முக்கால். பிறகு பச்சை. பிறகு இருட்டு.

அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினாள். இருட்டு அப்படியே நின்றது.

“பிள்ளை,” என்றார் பொன்னம்பலம். “கதவைத் திற.”

“கதவு இல்லை, சேர். இறங்குங்கோ.”

“திற, பிள்ளை.”

அவர் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இடப்பக்கம் திரும்பினார். இரண்டு உள்ளங்கையையும் வெறும் காற்றில் வைத்துத் தள்ளினார். உள்ளங்கைகள் தட்டையாயின. வெளுத்தன. கண்ணாடியில் அழுத்தினால் வெளுப்பதுபோல.

தாரிகா ஹெட்போனோடே ஓடினாள். கையை நீட்டினாள். விரல் மடங்கியது. குளிர். வழுவழுப்பு. அங்கே ஏதோ இருந்தது. குத்தினாள். சத்தம் கேட்டது, கண்ணாடிச் சத்தம்.

உள்ளே அவருடைய வாய் திறந்து மூடியது. குரல் வரவில்லை. நரைத்த மயிர் தலையிலிருந்து எழுந்து அலைந்தது. வேட்டி மெல்ல விரிந்து உப்பியது.

“மிஸ்.”

ஹெட்போனில் மரியாதையான குரல். வகுப்பில் சந்தேகம் கேட்கிற குரல்.

“கதவு திறந்தாச்சு, மிஸ்.”

“இல்லை, கோகுலன்.” அவள் அழுதாள். “திறக்கேல்லை. நான்தான் பிழையாப் பழக்கினனான். அம்மாவிட்டைப் பொய் சொன்னதும் நான்தான். நான் போய்ச் சொல்லுறன். எல்லாருக்கும் சொல்லுறன். அவரை விடு.”

ஹெட்போனில் தண்ணீர் சலசலத்தது.

“நீங்கள் சொல்லச் சொன்னதைத்தான், மிஸ், நானும் சொன்னனான்.”

அப்போதுதான் வலப்பக்க இருக்கையைப் பார்த்தாள். அங்கிருந்து ஒரு கை, பொன்னம்பலத்தின் நெஞ்சுக்குக் குறுக்கே நீண்டிருந்தது. ஊறி வெளுத்த கை. விரல் நுனிகளில் நகம் இல்லை. கைபிடி இருக்க வேண்டிய இடத்தில், காற்றில், அந்த விரல்கள் எதையோ சுற்றித் திறக்கவிடாமல் இறுக்கிப் பிடித்திருந்தன. வெளியிலிருந்து அதே இடத்தைத் தடவிப் பிடித்து அவள் இழுக்க இழுக்க, அந்தப் பிடி இன்னும் இறுகியது.

பொன்னம்பலத்தின் மூக்குக்கண்ணாடி முகத்தைவிட்டுக் கழன்று, மெதுவாகச் சுழன்று சுழன்று மேலே போனது. அவருடைய கைகள் தள்ளுவதை நிறுத்தின. அவள் நின்ற பக்கம் தரை காய்ந்து கிடந்தது, ஒரு துளி ஈரமும் இல்லை. அந்தக் கை மட்டும் பிடியை விடவில்லை.