இறங்க வேண்டியவர்

உரிம அலுவலகத்து இயந்திரம் சென்னியப்பனின் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்து எண்பத்தாறு என்றது. அவன் மனைவி தமயந்தியின் மணிக்கட்டைத் தொட்டு முப்பத்தொன்று என்றது. வேன் வாங்க இருவருக்குமே குறைந்தது எழுபது இருக்க வேண்டும்.

மின்கலத்துக்கான உலோகம் தீர்ந்துகொண்டிருந்த காலம் அது. ஆசைப்பட்டவர்களெல்லாம் வண்டி வாங்கினால் கட்டுப்படியாகாது என்று அரசு அலைமானியைக் கொண்டுவந்தது. கைக்கடிகாரம் போலக் கட்டிக்கொண்டால் நாடியையும் வியர்வையையும் படித்து, மனது எவ்வளவு தவிக்கிறது என்று நூற்றுக்கு ஓர் எண் போட்டுவிடும். உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியாதவர்களுக்குத்தான் படுக்கையும் அடுப்பும் கூடாரமும் வைத்து, தானே ஓடும் ஊர்சுற்றி வேன். கிடைத்த பிறகும் எண்ணைக் காப்பாற்ற வேண்டும். கால் மணி நேரம் நாற்பதுக்குக் கீழே இருந்தால் அவருக்குத் தேவை தீர்ந்தது என்று பொருள், இறங்கிவிட வேண்டும். கூட வந்தவர் தொடரலாம்.

சென்னியப்பனுக்கு இது இருபது வருடத்து ஆசை. பெருந்துறையில் ஒரு நூற்பாலையின் கட்டுப்பாட்டு அறையில் திரையைப் பார்த்தே தேய்ந்தவன். வீட்டிலும் நிலைகொள்ள மாட்டான். சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து வாசல்வரை போய்த் திரும்புவான். தமயந்தி நேர்மாறு. மத்தியானம் ஒரு மணி நேரம் தூங்கி எழுந்து, காபியோடு சன்னலோரம் உட்கார்ந்தால் அவளுக்கு வேறெதுவும் வேண்டாம். வேனும் வேண்டாம்தான். அவன் கேட்டான், சரி என்றாள்.

நம் ஆட்கள் எதற்குத்தான் டியூஷன் வைக்கவில்லை? அலுவலகத்துக்கு எதிரிலேயே எண் ஏற்றும் பயிற்சி மையம் இருந்தது. மூன்று மாத வகுப்பு. வீட்டுப்பாடம் முழுக்கக் கணவனுக்கு: மனைவியை நிம்மதியாக இருக்க விடக்கூடாது. சென்னியப்பன் முதல் பெஞ்சு மாணவனாகிவிட்டான். அவள் தூங்கப் போகும் நேரம் பார்த்துக் கட்டிலை வேறு அறைக்கு இழுத்தான். சன்னலைப் பலகையால் அடைத்தான். உன் தங்கை உன்னைப் பற்றி ஒன்று சொன்னாள் என்று ஆரம்பித்து, என்னவென்று சொல்லாமலே எழுந்து போனான். பாவம், அவளும் ஒத்துழைத்தாள். மாலையானால் மணிக்கட்டை நீட்டி, நாற்பத்தெட்டு வந்துவிட்டது என்று பெருமையாகக் காட்டினாள். மூன்றாம் மாதம் மத்தியானத் தூக்கம் அடியோடு போயிற்று. எழுபத்திரண்டு வந்தது. வேனும் வந்தது.

ஆழியாறு அணைக்கரையில் முதல் கூடாரம் போட்டார்கள். மறுநாள் காலை சென்னியப்பன் தண்ணீரை ஏறிட்டும் பார்க்காமல், அடுத்து வால்பாறை, அதற்கடுத்து எங்கே என்று வரைபடத்தைக் குடைந்துகொண்டிருந்தான். தமயந்தி பாயை விரித்துக் காலை நீட்டினாள். இளவெயில் இதமாக இருந்தது. உட்கார்ந்தபடியே கண் அசந்தாள்.

வேன் பணிவான குரலில் பேசியது. தமயந்தி அவர்களின் எண் முப்பத்தெட்டு; இன்னும் பத்து நிமிடம் இப்படியே இருந்தால் அவர் பயணம் நிறைவடையும், அழைத்துப்போக ஊர்தி வரும் என்றது.

சென்னியப்பன் பதறிவிட்டான். அவளை உலுக்கி எழுப்பினான், கரையோரம் வேகமாக நடக்கவைத்தான், தங்கை கதையை மறுபடி எடுத்தான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. முப்பத்தாறு.

"விடுங்க. எனக்கு இங்க நல்லாருக்குதுங்க," என்றாள். "நான் ஊட்டுக்குப் போயிக்கறேன். நீங்க சுத்திப்போட்டு வாங்க."

அவளை விட்டுப் போக அவனுக்கு மனம் வரவில்லை. அதில் பொய்யே இல்லை. இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. அவளை உலுக்கிப்போடுகிற மாதிரி ஒரு பொய் வேண்டும் என்று தேடினான், கிடைக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னான்.

"உன்னக் கட்டுன நாள்லருந்து எனக்கு மூச்சு முட்டுது தமயந்தி. அந்த ஊட்டுக்குள்ள உங்கூட இருக்க முடியாமத்தான் வேன் கேட்டேன்."

அவள் எண் தொண்ணூற்று நான்குக்குத் தாவியது. தமயந்தி அவர்கள் பயணத்தைத் தொடரலாம் என்றது வேன்.

அப்பாடா என்று அவள் தோளைப் பிடித்தான். எண்ணுக்காகச் சொன்னது, அத்தனையும் பொய் என்றான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, அவன் மணிக்கட்டைப் பார்த்தாள். கட்டிய நாளிலிருந்து எண்பதுக்குக் கீழே போகாத அந்த எண் அறுபது, ஐம்பது என்று இறங்கிக்கொண்டிருந்தது.

"பொய்யின்னா ஏறுமுங்க," என்றாள். "எறங்காது."

அவன் பதற்றப்பட முயன்றான். பயிற்சி மையத்தில் கணவர்களுக்கு அந்தப் பாடத்தை நடத்தவில்லை. இத்தனை வருடத்தில் முதன்முறையாக அவன் தண்ணீரைப் பார்த்தான். பார்க்க நன்றாகவே இருந்தது. முப்பத்து மூன்று. கால் மணி நேரம் கழித்து, சென்னியப்பன் அவர்களின் பயணம் இனிதே நிறைவடைந்தது என்று சொல்லி, வேன் அவன் பையை வெளியே தள்ளியது.

பிறகு தமயந்தியிடம் எங்கே போகலாம் என்று கேட்டது. வீட்டுக்கு என்று சொல்ல வாயெடுத்தாள். அந்தச் சன்னலோரம் இனி ஒரு நிமிடம்கூட அவளால் உட்கார முடியாது. எங்கேயாவது போ, நிற்காமல் போ என்றாள்.

அழைத்துப்போக வந்த ஊர்தியில், பெருந்துறை வரும்வரை சென்னியப்பன் அயர்ந்து தூங்கினான்.